யாரு வூட்டுப் புள்ள?

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கம். வில்லியனூர்ப் பக்கத்துக்கும் பாகூர்ப் பக்கத்துக்கும் நடுவில், நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. இங்கே டீக்கடை பெஞ்சில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் அவர் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். "எந்த ஊரு?" என்பார்கள். தெரிந்த ஊராக இருந்தால் அடுத்தது, "அங்க யாரு வூட்டுப் புள்ள?" அதற்கும் பதில் வந்துவிட்டால் மூன்றாவது கேள்வி கொஞ்சம் தணிந்த குரலில் வரும். "எந்தத் தெரு?" அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஊரா, காலனியா என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த சுற்றுவழி அது.

இதே ஆட்கள்தான் இன்னொரு நாள், "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுப்பா" என்றும் சொல்வார்கள். யாராவது ஒரு பெரிய மனிதருடைய பழைய கதை பேச்சில் வரும்போது இந்தப் பழமொழி வந்து வாயை அடைக்கும். பழமொழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அதில் விலக்கு தரப்பட்டிருப்பது இரண்டே பேருக்கு. ஒன்று நதி, இன்னொன்று ரிஷி. இரண்டும் ஏற்கெனவே பெருகிப் பெரிதாகிவிட்டவை. குட்டைக்கும் வாய்க்காலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவற்றின் மூலத்தைத் தினமும் கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒருவருடைய மூலத்தைத் தேடுவது சரியா, தப்பா என்ற கேள்வி எனக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. சாதியை வைத்து மட்டும் இதை யோசித்தால் நமக்குச் சீக்கிரம் சூடேறிவிடுகிறது. அதனால் கொஞ்சம் தள்ளி நின்று, ஓர் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் வம்சாவளியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றியது. தள்ளி என்றாலும் ரொம்பத் தள்ளி இல்லை. அந்த வம்சாவளி வந்து முடிகிற இடம், எங்கள் ஊரிலிருந்து தெற்கே போய்த் தென்பெண்ணையைத் தாண்டினால் வருகிற கடலூர்.

1812 முதல் 1827 வரை, ஏறக்குறைய 15 வருஷம் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் லிவர்பூல் பிரபு. முழுப்பெயர் ராபர்ட் பேங்க்ஸ் ஜென்கின்சன். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றது இவர் காலத்தில்தான். இங்கிலாந்தில் பிரபுக்களின் வம்சாவளியைப் பதிந்து வைப்பதற்கென்றே தடித்தடியான புத்தகங்கள் உண்டு. அவற்றில் ஜென்கின்சன் குடும்பத்தின் தந்தைவழி தடையில்லாமல் மேலே போகும். நமக்கு வேண்டியது தாய்வழி.

அவருடைய தாய் அமிலியா வாட்ஸ். 1770 ஜூன் மாதம் மகனைப் பெற்றார். ஒரு மாதம்போல இருந்திருப்பார், அதற்குள் இறந்துவிட்டார். இருபது வயதுகூட ஆகாத பெண் என்கிறார்கள். அவருடைய கணவர் சார்லஸ் ஜென்கின்சன் பிற்பாடு லிவர்பூல் பிரபு ஆனார், அந்தப் பட்டம்தான் மகனுக்கு வந்தது. அமிலியாவின் தந்தை வில்லியம் வாட்ஸ். பிளாசிப் போருக்கு முன்னால் மீர் ஜாஃபரோடு ரகசியப் பேச்சு நடத்தி ஒப்பந்தம் முடித்த அதே வாட்ஸ். தாய் ஃபிரான்சஸ்.

இந்த ஃபிரான்சஸின் வாழ்க்கை ஒரு பெரிய நாவலுக்குப் போதும். நான்கு கல்யாணம். முதல் கணவர் போனார். இரண்டாவது கணவர் கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே பெரியம்மையில் போனார். மூன்றாவது கணவர்தான் வாட்ஸ். 1756-ல் சிராஜ் உத் தௌலா காசிம்பஜார் கம்பெனிக் கிடங்கைப் பிடித்து வாட்ஸைச் சிறை வைத்தபோது, ஃபிரான்சஸையும் குழந்தைகளையும் தன் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றியது நவாபின் பாட்டி. அந்த அந்தப்புரத்துக் கதையைக் கல்கத்தாவில் ஃபிரான்சஸ் வயதான காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் ஊர் அவரை 'பேகம்' என்றே கூப்பிட்டது. நான்காவது கணவர் ஜான்சன் என்ற பாதிரியார். அவர் 1788-ல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனார். ஃபிரான்சஸ் கூடப் போகவில்லை, கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். 1812 பிப்ரவரியில் இறந்தார். நான்கு மாதம் கழித்து அவருடைய பேரன் பிரதமரானார்.

கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் நீளமாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். சோழமண்டலக் கரையிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையின் கவர்னர் எட்வர்ட் குரோக்கின் இரண்டாவது மகள் என்று தொடங்குகிறது. நான்கு கணவர்களும் வரிசையாக வருகிறார்கள். பிள்ளைகள் வருகிறார்கள், சிசுவிலேயே இறந்தவர்களும் சேர்த்து. மகள் அமிலியா யாரைக் கட்டினாள், அவளுக்குப் பிறந்தவர் இன்று எந்தப் பிரபு என்பதும் வருகிறது. வங்காளத்தில் குடியிருந்த பிரிட்டிஷ்காரர்களிலேயே மூத்தவர் என்று புகழ்ந்து முடிகிறது. இவ்வளவு பேர் இடம்பிடித்த அந்தக் கல்லில் ஒருவர் மட்டும் இல்லை. ஃபிரான்சஸைப் பெற்ற தாய்.

அந்தத் தாயின் பெயர் இசபெல்லா பெய்சோர். போர்த்துக்கீசிய-இந்தியக் கலப்பு வம்சத்தைச் சேர்ந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் 1690-ல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை, கடலூர்த் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருந்தது. வாங்கும்போது போட்ட பேரமே வேடிக்கையானது. கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று கணக்கு. அப்படிச் சேர்ந்தவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். அந்தக் கோட்டைக்குள் 1720-களில் பிறந்தவர் ஃபிரான்சஸ். பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது என்று துல்லியமாக எழுதி வைத்த கம்பெனி அது. அதன் கவர்னர் வீட்டில் பிள்ளை பெற்றவளின் தாய் யார், எந்த ஊர், அவளை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு மட்டும் கல்லில் இடமில்லை.

போர்த்துக்கீசியர் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கடற்கரையில் அந்தச் சொல் ஒரு பெரிய போர்வை. லிஸ்பனில் பிறந்தவரும் அதற்குள் இருப்பார். மயிலாப்பூரில் பிறந்து, தாய் தமிழச்சியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், தொப்பி போட்டவரும் அதற்குள் இருப்பார். நம் ஜனங்கள் இவர்களைச் சட்டைக்காரர்கள் என்றார்கள். ஒரு பெண் ஞானஸ்நானம் பெற்றால் மரியா, ரோசா, இசபெல்லா என்று ஒரு பெயர் கிடைக்கும், கூடவே ஒரு போர்த்துக்கீசியக் குடும்பப் பெயரும் சேரும். அந்த நிமிஷத்தோடு அவளுடைய பழைய பெயர் காகிதத்திலிருந்து போய்விடும். பிறகு வம்சம் தேடி வருகிறவருக்குக் கிடைப்பது அந்தப் போர்வை மட்டுமே.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-ல் கல்யாணமாகி, பிறகு சாமர்ஸ் சீமாட்டியான வர்ஜீனியா பாட்டில், விக்டோரியா காலத்து லண்டனில் அழகுக்குப் பேர்போனவர். அவர் மகள்களில் ஒருத்தி பெட்ஃபோர்ட் டச்சஸ் ஆனார். அவருடைய அக்காக்களில் ஒருவர் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், இன்னொருவர் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பாட்டி. இந்தச் சகோதரிகளின் தாய் அதெலின், புதுச்சேரியில் பிறந்தவர். அதெலினின் தந்தை தெ லெதாங் என்ற பிரெஞ்சுக் குதிரைப்படை வீரர். அவர் மரி ஆந்துவானெத் அரசியின் அரண்மனையில் பணியாளாக இருந்தார், அரசிக்கு அவர்மேல் பிரியம், அதனால்தான் இந்தியாவுக்குத் துரத்தினார்கள் என்று ஒரு கதை. இந்தக் கதையைக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியது. அதே குடும்பத்தில் சந்தர்நகரைச் சேர்ந்த ஒரு வங்காளப் பெண்ணும் மூதாதையாக இருந்தாள். கத்தோலிக்கராக மாறி ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டியவள். அந்த வழியில் வந்த வில்லியம் டால்ரிம்பிள் 2002-ல் 'வெள்ளை முகலாயர்கள்' நூலின் முன்னுரையில் அதை எழுதினார். அரண்மனைக் கதையை வீடு பத்திரமாக வைத்துக்கொண்டது. வங்காளத்துப் பாட்டியை ஒரு சரித்திர ஆசிரியர் வந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது.

2013-ல் இளவரசர் வில்லியமின் தாய்வழியில் ஓர் இந்தியப் பெண் இருப்பதாக மரபணுச் சோதனையை வைத்துச் செய்தி வந்தது நினைவிருக்கும். சூரத்தில் ஒரு ஸ்காட்லாந்து வியாபாரியோடு வாழ்ந்த எலைசா கெவார்க் அவர். அவரை ஆர்மீனியர் என்றே சொல்லி வந்திருந்தார்கள். கடலூரில் 'போர்த்துக்கீசியர்', சூரத்தில் 'ஆர்மீனியர்'. போர்வையின் நிறம் மாறுகிறது, வேலை ஒன்றுதான்.

இதை ஏதோ குடும்பக் கூச்சம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. காரணம் ஒரு வருஷக் கணக்கு. 1790-ல் ராபர்ட் ஜென்கின்சன் இருபது வயதில் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த வருஷம், 1791-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஒரு விதி போட்டார்கள். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த மகனுக்கு இனிமேல் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகம் எதுவும் கிடையாது. 1795-ல் இன்னும் இறுக்கினார்கள். தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம், அதற்குமேல் போக முடியாது. கடலூரிலும் சென்னையிலும் எத்தனையோ பையன்கள் அந்த விதியால் தெருவில் நின்றார்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, எங்கள் டீக்கடைக் கேள்விதான். யாரு வூட்டுப் புள்ள? உன் அம்மா யார்?

அதே கேள்வியை ஒரு பிரபுவின் மகனிடம் மூன்று படி மேலே கொண்டுபோய் யாரும் கேட்கவில்லை. அந்தப் பையன்களுக்குத் தாய் கறுப்பு. இவருக்குத் தாயின் தாயின் தாய். விதியின் வாசகப்படி இவரை அது தொடாது என்று வக்கீல்கள் வாதிடலாம். இருந்தாலும், ரத்தத்தில் கலப்பு இருந்தால் ஆளத் தகுதி இல்லை என்று விதி போட்ட ஒரு சாம்ராஜ்யம், அப்படி ஒரு வழி தன் வம்சத்தில் உள்ளவரைப் பிரதமராக வைத்துக்கொண்டு 15 வருஷம் ஓடியது. மேலே கேள்வி கேட்காமல் நிறுத்துகிற மரியாதையும், கீழே விடாமல் கேட்கிற கறாரும் ஒரே கையின் வேலை. நதிமூலம் பழமொழி ஆங்கிலத்தில் இல்லாமல் இருக்கலாம். பழக்கம் அங்கேயும் உண்டு.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா? எங்களுக்குப் பக்கத்திலேயே பாகூரில் 9-ஆம் நூற்றாண்டு நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு கிடைத்தது. மூன்று கிராமங்களின் வருமானத்தை ஒரு கல்விச்சாலைக்கு எழுதி வைத்த பத்திரம். நல்ல காரியம். பல்லவர் செப்பேடுகளில் மானியத்துக்கு முன்னால் வம்சாவளி வரும். பிரம்மாவில் ஆரம்பித்து, ஆங்கிரஸ், பிரகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கிப் பல்லவன் என்கிற மூதாதைக்கு வரும். அரசன் மேலே ஏறிப்போய்ப் படைத்த கடவுளிடமே நின்றுகொள்கிறான். அதற்குமேல் யாரும் கேட்க முடியாது. ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் அங்கே நிற்கவில்லை, கௌரவம் அங்கே முழுமையாகிவிட்டது என்பதால் நிற்கிறான்.

சாதாரண வீடுகளிலும் இதன் சின்ன வடிவம் நடக்கிறது. "எங்களுக்குப் பத்துத் தலைமுறை தெரியும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அதற்கு மேலே 8, 16 என்று பத்தாவது படியில் 1,024 இடம். பத்துப் படிகளையும் கூட்டினால் 2,046. நம் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவதால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார், ஆட்கள் எண்ணிக்கை குறையும். இடங்களின் எண்ணிக்கை குறையாது. அப்பா, அப்பாவின் அப்பா என்று பத்துப் பெயரைச் சொல்கிறவர் 2,046-ல் 10 பேரைச் சொல்கிறார். மீதி 2,036 இடத்தில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால் வீடு அமைதியாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பா வழியில் ஆறு பெயர் வரிசையாக வரும். அம்மாவின் அம்மாவைப் பெற்றவர் பெயர் என்ன என்று பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஏம்பலத்தான்னு கூப்புடுவாங்க. நாங்க பெரியாயான்னு சொல்லுவோம். பேரா? பேர யாரு கண்டா?" என்றார். ஏம்பலம் எங்களுக்கு அடுத்த ஊர். அங்கிருந்து வாக்கப்பட்டு வந்ததால் ஏம்பலத்தா. பாகூரிலிருந்து வந்தவள் பாகூரா. வந்த ஊரின் பெயரே பெண்ணின் பெயராகி, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒரு தலைமுறையில் காணாமல் போய்விடுகிறது. ஞானஸ்நானப் பெயர் இசபெல்லாவுக்குச் செய்ததை எங்கள் தெரு ஏம்பலத்தாவுக்குச் செய்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது இதில் இன்னும் சங்கடமான விஷயம்.

சரி, அப்படியானால் எல்லோரும் பாட்டிகளைத் தேட ஆரம்பித்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. அது 'நம்ம ரத்தம்' என்கிற குழி. லிவர்பூல் பிரபு கதையைச் சொன்னதும் ஒரு நண்பர் உற்சாகமாகிவிட்டார். "அப்ப இங்கிலாந்தையே நம்ம கடலூர்க்காரன் ஆண்டிருக்கான்னு சொல்லு!" என்றார். அவரிடம் நான் சொன்ன பெயர் ழான் துய்ப்ளே.

ழான் அல்பேர், 1706-ல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக் கம்பெனியின் வைத்தியர். தாய் எலிசபெத் ரோசா தெ காஸ்ட்ரோ, இவரும் அதே போர்த்துக்கீசிய-இந்தியக் கலப்பு. 13 வயதில் முதல் கல்யாணம். விதவையான பிறகு 1741-ல் துய்ப்ளேயைக் கட்டினார். மறுவருஷம் துய்ப்ளே புதுச்சேரி கவர்னராக வந்தார், பிற்பாடு மார்க்கி பட்டமும் வாங்கினார். ழானுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். உள்ளூர் ராஜாக்களுக்குக் கடிதம் எழுதுவதில் கணவருக்கு வலது கை. இவரையும் ஊர் பேகம் என்றுதான் சொன்னது. இந்தக் கரை ஒரே காலத்தில் இரண்டு பேகம்களைக் கண்டிருக்கிறது. துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் ழான் அடிக்கடி வருகிறார், பெரும்பாலும் பிள்ளையின் எரிச்சலோடு. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததில் அம்மையாரின் பங்கைப் பிள்ளை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தமிழ் பேசிய நாக்கும், இந்தக் கரையில் பிறந்த ரத்தமும் அந்தக் கோயிலைக் காப்பாற்றவில்லை.

லிவர்பூல் பிரபுவும் அப்படித்தான். 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்து, இந்திய வியாபாரத்தை மற்ற ஆங்கிலேய வியாபாரிகளுக்கும் திறந்துவிட்டது அவருடைய அரசாங்கம். அதற்குப் பிறகு நம் நெசவாளர்கள் என்ன ஆனார்கள் என்பது ஊர் அறிந்தது. கடலூரில் வாழ்ந்த ஒரு கொள்ளுப்பாட்டி அவர் கையைப் பிடித்து எதையும் எழுத வைக்கவில்லை. ரத்தம் யாரையும் நல்லவராக்குவதில்லை, கெட்டவராக்குவதும் இல்லை. இதைச் சாதிப் பெருமை பேசுகிறவருக்கு மட்டும் சொன்னால் போதாது. மறைந்த பாட்டியைக் கண்டுபிடித்துவிட்டுக் கைதட்டுகிறவருக்கும் சொல்ல வேண்டும்.

ரத்தம் எதையும் தீர்மானிப்பதில்லை என்றால் தேடுவானேன், விட்டுவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் புதுச்சேரிக்காரனாக எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் விட்டுப்போன பிறப்புப் பதிவுகள் எங்கள் பக்கத்தை விடவில்லை. மேரியில் இருக்கிற எத்தா சிவில் ஏடுகளைப் பார்த்துத் தாத்தாவின் பிறந்த தேதியை எடுக்க வேண்டும் என்று அலைகிறவர்கள் இன்றும் உண்டு. சொல்தாவாக சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள், பிரெஞ்சுக் குடியுரிமைக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்ப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்தப் பழைய கையெழுத்துத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். அப்படிப் படித்ததில் அதிகம் என்னை யோசிக்க வைத்தது, சொந்த வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்த பத்திரங்கள்.

1881 செப்டம்பரில் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படி உள்ள தனிச்சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. அப்போது புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல். 1873-ல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடை செய்யப்பட்டு, பிரான்சு வரை வழக்கை நடத்தி ஜெயித்தவர். அவர் தனக்கு எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். பழைய வீட்டிலிருந்து வெளியேறும் கதவு என்றும் வைத்துக்கொள்ளலாம், புது வீட்டுக்குள் நுழையும் கதவு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படித் துறந்தவர்களில் பலர் சாதியின் சுமை தாங்காமல் துறந்தவர்கள். மூலம் கேட்கப்பட்டே வாழ்ந்தவர்கள், இனிமேல் கேட்காதே என்று அரசாங்க முத்திரையோடு சொன்ன பத்திரம் அது. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன் அந்தப் பத்திரத்தையே வம்சத்துக்கு அத்தாட்சியாகத் தேடுகிறான். மூலத்தை விட்டுவிட்டேன் என்று எழுதிய தாள், மூலமாக ஆகிவிட்டது. அவன் தேடுவதில் தப்பே இல்லை, அது அவன் தாத்தாவுடைய துணிச்சல். அதே தாளை அடுத்த தெருக்காரர் ஒருவர் படித்துப் பார்த்து, "ஓ, இவங்க முன்னாடி அவங்களா?" என்று கேட்டால் என் மனசு கொதிக்கிறது. தாள் ஒன்றுதான். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பதில் அது வேறாகிவிடுகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் எளிமையானது. என் மூலத்தை நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தேடலாம். அடுத்தவர் மறைத்துவைத்ததை, அது வெளியே வந்தால் அவர் தலைகுனிய நேருமென்றால், தேட எனக்கு உரிமையில்லை. பெயரை மாற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனவர், சொந்த ஊரைச் சொல்லாமல் வாடகை வீடு பிடித்தவர், இவர்களிடம் "எந்தத் தெரு?" என்று கேட்காமல் இருப்பது நாகரிகம். மூலத்தை வைத்து மற்றவர்களை அளந்து, கதவடைத்து, உத்தியோகம் மறுத்த குடும்பங்களுக்கும் சாம்ராஜ்யங்களுக்கும் இந்தச் சலுகை தேவையில்லை. அவர்கள் பிறத்தியாரிடம் கேட்ட கேள்வியை அவர்கள் ஏட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். லிவர்பூல் பிரபுவின் கொள்ளுப்பாட்டியைப் பேசுவதால் இன்று யாருடைய கல்யாணமும் நிற்கப்போவதில்லை. 1791 விதி எவ்வளவு வெறும் விதி என்பது மட்டும் தெரியும்.

தேடுகிறவர் நாணயமானவரா என்பது அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதில் தெரிந்துவிடும். கௌரவம் கிடைத்த இடத்தில் நிறுத்தினால் அது செப்பேட்டுப் புகழ்ச்சி. அரண்மனையில் நிறுத்தினால் குடும்பக் கதை. ஏடு தீர்ந்து, பெயர் தீர்ந்து, 'ஒரு பெண்' என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாத இடம்வரை போய் நின்றால், அப்போது ஒரு விஷயம் புரிகிறது. பிரபுவின் ஏடும் என் வீட்டு ஏடும் ஒரே மாதிரியான இடத்தில்தான் முடிகின்றன. ஒரு பக்கம் இசபெல்லாவைப் பெற்றவள். இன்னொரு பக்கம் ஏம்பலத்தாவைப் பெற்றவள். இரண்டு பேரும் தென்பெண்ணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இதே வெயிலில் காய்ந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு நடுவில் உயர்வு தாழ்வு பேச என்னிடமும் ஆதாரம் இல்லை, இங்கிலாந்திலும் ஆதாரம் இல்லை. பெயர் தெரியாத அந்த இடத்தில்தான் சமத்துவம் பேச்சாக இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற விஷயமாக ஆகிறது.

நம் சடங்கு ஒன்றில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். வில்லியனூருக்குப் பக்கத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் சுற்று வட்டாரத்து ஜனம் அங்கே தர்ப்பணம் கொடுக்க வரும். ஐயர் பெயர் கேட்பார். அப்பா பெயர் டக்கென்று வரும். தாத்தா பெயர் வரும். அதற்கு மேலே கேட்டால் முக்கால்வாசிப் பேர் பக்கத்தில் இருக்கிற அண்ணனைப் பார்ப்பார்கள். பெண்கள் பெயருக்கு இன்னும் திணறுவார்கள். தெரிந்த பெயருக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்தபிறகு கடைசியில் ஒரு கை தண்ணீர் உண்டு. பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு, தண்ணீர் விட வாரிசு இல்லாதவர்களுக்கு. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அந்தத் தண்ணீருக்கு மட்டும் யாரும் கேட்பதில்லை. கரையேறுகிற அவசரத்தில் நிறைய பேர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று, அந்தக் கடைசிக் கையை நிதானமாக விட்டுவிட்டு வரலாம்.